தூரம் ஒன்று, நேரம் வேறு: விமானப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

மதுரையிலிருந்து விமானத்தில் போய்வருகிற வாசகர்களும், வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கிற பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் தூரமும் நேரமும் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்களில் வரும் தூரம், வேறு மாதிரி சொல்லாத இடத்தில், ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் பூமியின் மேற்பரப்பை ஒட்டி அளக்கும் மிகக் குறுகிய தூரம்.

மதுரை – சென்னை வான்வழியில் 420 கி.மீ.கூட இல்லை. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் அரை மணியில் இறங்கிவிட வேண்டும். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பது ஏன்?
– வாசகர், திருமங்கலம்

உங்கள் தூரக் கணக்கு சரி, 418 கி.மீ. வருகிறது. ஆனால் டிக்கெட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்பது வரைக்குமான நேரம். துறையில் இருப்பவர்கள் இதைப் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் ஒரு விமானம் இருந்தால் காத்திருப்பது, இறங்கியபின் நிறுத்துமிடத்துக்குப் போவது எல்லாம் இதற்குள் அடக்கம். இரண்டு முனைகளிலும் சேர்த்து இதற்கே 15 முதல் 20 நிமிடம் போய்விடும்.

பறக்கும்போதும் அந்த 800 கி.மீ. வேகம் சிறிது நேரம்தான் கிடைக்கும். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் 28,000 அடிக்கு ஏற ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். அதற்குள் 180 கி.மீ.யைக் கடந்திருக்கும். இறங்குவதற்கு விமானிகள் வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 நாட்டிக்கல் மைல். 28,000 அடியிலிருந்து இறங்க 84 நாட்டிக்கல் மைல், அதாவது 156 கி.மீ. தேவை. 418-ல் இவை இரண்டையும் கழித்தால் மட்டமாகப் பறக்க மிஞ்சுவது சுமார் 80 கி.மீ., ஆறு நிமிடம். விமானம் உச்ச உயரத்தைத் தொட்டதும் இறங்க ஆயத்தமாகிவிடுகிறது. 10,000 அடிக்குக் கீழே வேகம் 250 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) அளவைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. அது மணிக்கு 463 கி.மீ.தான். சென்னையில் வரிசை இருந்தால் கடல் பக்கமாக ஒரு சுற்று சுற்றவும் விடுவார்கள்.

இதனால்தான் மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் இந்தத் தடத்தில் ஜெட்டைவிடப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. கால் மணி வித்தியாசம் இருந்தால் அதிகம்.

எந்தத் தடத்துக்கும் உதவுகிற ஒரு கணக்கு உண்டு. குறுகிய தூரத்தோடு நூற்றுக்கு நான்கு சேர்த்துக்கொள்ளுங்கள். விமானங்கள் நேர்கோட்டில் போவதில்லை, வரையறுத்த வான்பாதைப் புள்ளிகளைத் தொட்டுத்தான் போகின்றன. வந்ததை 830-ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். மதுரை – டெல்லி 2,080 கி.மீ.; நான்கு விழுக்காடு கூட்டினால் 2,163; வகுத்தால் 2 மணி 36 நிமிடம்; அரை மணி சேர்த்தால் 3 மணி 6 நிமிடம். அட்டவணையில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். போயிங் 787, ஏ350 போன்ற அகல உடல் விமானங்களுக்கு 830-க்குப் பதிலாக 900 போடுங்கள். 500 கி.மீ.க்குக் குறைந்த தடங்களுக்கு மட்டும், மேலே சொன்ன ஏற்ற இறக்கக் காரணத்தால், இந்தக் கணக்கு பத்து பதினைந்து நிமிடம் குறைத்தே காட்டும்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயான தூரத்தை அவர்களே கண்டுபிடிக்கச் சொல்லித்தர விரும்புகிறேன். மதுரை – சிங்கப்பூரை எடுத்துக்கொண்டு, படிப்படியாக விளக்குவீர்களா? என்னென்ன பிழை வரும் என்பதையும் சொன்னால் நல்லது.
– ஆசிரியை, உசிலம்பட்டி

மிக நல்ல பயிற்சி இது. முக்கோணவியலை ஏன் படிக்கிறோம் என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது. இரண்டு வழிகளைச் சொல்கிறோம். நூலில் தொடங்கிக் கால்குலேட்டருக்குப் போங்கள்.

முதல் வழிக்கு உலக உருண்டை போதும். பள்ளியில் இருப்பது 30 செ.மீ. விட்டமுள்ளது என்றால் அதன் சுற்றளவு 94.2 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,030 கி.மீ. என்று எடுத்துக்கொண்டால், உருண்டையின் மேல் 1 செ.மீ. என்பது 425 கி.மீ. நீளாத நூலாகப் பாருங்கள். தையல் நூல் சரி, ரப்பர் கலந்தது கூடாது. ஒரு முனையை மதுரையில் வைத்து, மறு முனையைச் சிங்கப்பூரில் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய பாதையில் படியும். நீளம் 7.1 செ.மீ. வரும். 425-ஆல் பெருக்கினால் 3,018 கி.மீ. நூல் போகிற இடத்தையும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்: ராமநாதபுரம் பக்கமாகக் கடலைக் கடந்து, வட இலங்கையின் மேலாக, வங்காள விரிகுடாவின் தென்பகுதியைத் தாண்டி, சுமத்திராவின் வடகோடியைத் தொட்டு, மலாக்கா நீரிணையை ஒட்டிச் சிங்கப்பூர்.

அடுத்தது கணக்கு. இரண்டு இடங்களின் அட்ச, தீர்க்கரேகைகள் தசமத்தில் வேண்டும்.

மதுரை விமான நிலையம்: வடக்கு 9.83, கிழக்கு 78.09
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99
தீர்க்கரேகை வித்தியாசம்: 25.90

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.1707 × 0.0237 = 0.0040. பிறகு இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸ் மதிப்பையும் பெருக்குங்கள்: 0.9853 × 0.9997 × 0.8996 = 0.8861. இரண்டையும் கூட்டினால் 0.8901 வரும், கால்குலேட்டரில் எல்லா இலக்கங்களையும் வைத்திருந்தால் 0.89015 என்று காட்டும். இதற்குத் தலைகீழ் காஸ் எடுத்தால் 27.11 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள கோணம் அதுதான். ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 3,014 கி.மீ.

பிழைகள் எப்போதும் அதே நான்கு ஐந்து இடங்களில்தான் வரும்.

முதலாவது, கால்குலேட்டர் ரேடியனில் இருப்பது. தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் சைன் 30 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. மைனஸ் 0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. மாற்றாமல் மேலே போகக்கூடாது.

இரண்டாவது, பாகை–கலையைத் தசமமாக நினைத்துவிடுவது. மதுரை விமான நிலையம் 9 டிகிரி 50 நிமிடத்தில் இருக்கிறது. அதை 9.50 என்று எழுதினால் தவறு; 50-ஐ 60-ஆல் வகுத்து 9.83 என்று எழுத வேண்டும். 9.50 என்று போட்ட பிள்ளையின் விமானம் அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பும், 37 கி.மீ. தெற்கே.

மூன்றாவது, இடையிலேயே நான்கு இலக்கத்துக்கு முழுமையாக்குவது. சிங்கப்பூர் போன்ற தொலைவுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் மதுரை – கொழும்பு போன்ற 355 கி.மீ. தூரத்துக்குக் கோணம் வெறும் 3.2 டிகிரி. அங்கே காஸ் மதிப்பு 0.9984 என்றால் 360 கி.மீ., 0.9985 என்றால் 349 கி.மீ. கடைசி இலக்கத்தில் ஒன்று மாறியதற்கு 11 கி.மீ. போய்விடுகிறது. ஆகவே விடையை எழுதும் இடத்தில் மட்டும் முழுமையாக்கச் சொல்லுங்கள்.

மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் மைனஸ் போட மறப்பது இன்னொன்று. லண்டன் ஹீத்ரு மைனஸ் 0.45. நியூயார்க்கோ சான் பிரான்சிஸ்கோவோ எடுத்தால் மைனஸை விட்டுவிட்டவர்களுக்கு அந்த ஊர் ஆசியப் பக்கம் போய் விழும்.

பூமி சரியான கோளம் அல்ல, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் இந்தக் கணக்குக்கும் செயற்கைக்கோள் அளவுக்கும் அதிகபட்சம் அரை விழுக்காடு வேறுபாடு இருக்கலாம். மாணவர்களின் விடை 3,000-க்கும் 3,030-க்கும் இடையே இருந்தால் முழு மதிப்பெண் தரலாம்.

ஒரு சிறிய சேர்க்கை. விமானத் துறை கிலோமீட்டரில் கணக்குப் பார்ப்பதில்லை, நாட்டிக்கல் மைல்தான். அது 1.852 கி.மீ. வடக்கு–தெற்காக ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒரு நாட்டிக்கல் மைல். ஆகவே 27.11-ஐ 60-ஆல் பெருக்கினால் 1,627 நாட்டிக்கல் மைல் நேராகக் கிடைத்துவிடும். அந்த அளவு ஏன் அப்படிப் பிறந்தது என்று பிள்ளைகளுக்கு அப்போதே புரிந்துவிடும்.

மதுரையிலிருந்து துபாய் போக 4 மணி 15 நிமிடம், திரும்பி வர 4 மணிக்கும் குறைவு என்று அட்டவணை சொல்கிறது. ஒரே தூரம்தானே? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே போகும் விமானத்தை நோக்கித் துபாய் வந்துகொண்டிருக்க வேண்டும். போகும்போது அல்லவா சீக்கிரம் சேர வேண்டும்?
– வாசகர், மேலூர்

சுழற்சியை முதலில் முடித்துவிடுவோம். மதுரை மண் மணிக்கு ஏறத்தாழ 1,645 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த வேகம் உண்டு; அதைச் சுற்றியுள்ள காற்றுக்கும் உண்டு. மேலே ஏறியதால் அது போய்விடாது. துபாயும் அதே பக்கம் நகர்கிறது. ஆகவே சுழற்சி நேரடியாக நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை.

நேரத்தை மாற்றுவது காற்று. விமானத்தின் 830 கி.மீ. வேகம் காற்றைச் சார்ந்தது. தரையைச் சார்ந்தது அல்ல. 3,000 கி.மீ. தடத்தில் எதிர்காற்று மணிக்கு 60 கி.மீ. என்றால் தரை வேகம் 770. பயணம் 3 மணி 54 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 890. 3 மணி 22 நிமிடம். அரை மணி வித்தியாசம் இப்படித்தான் வருகிறது. இருக்கைத் திரையில் தரை வேகம் மணிக்கு 1,000 கி.மீ. என்று காட்டினால் பயப்பட வேண்டாம். விமானி முடுக்கவில்லை, காற்று தள்ளுகிறது.

இப்போது நம் பக்கத்துக்கே உரிய விஷயம். எல்லோரும் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும் என்று படித்திருப்பார்கள். அது வட இந்தியாவுக்கும் அரபு நாடுகளுக்கும், குறிப்பாக டிசம்பர் முதல் மார்ச் வரை, சரி. 25 முதல் 30 டிகிரி வடக்கில், 12 கி.மீ. உயரத்தில், மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் வீசும். துபாய் 25 டிகிரியில் இருப்பதால், மதுரையிலிருந்து போகும் விமானம் பயணத்தின் பின்பாதியில் அந்தக் காற்றுக்கு எதிரே போய் மாட்டுகிறது. திரும்பும்போது அதுவே ஏணி.

ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், தென்னிந்தியாவின் மேலே கதை தலைகீழ். கீழே மேற்கிலிருந்து பருவக்காற்று வீசும்போது, உயரே கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் காற்று ஓடுகிறது. இதை அடையாளம் கண்டு 1958-ல் எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கோடையில் திபெத் பீடபூமி சூடேறி, அதன் மேல் உயரத்தில் அழுத்தம் கூடுவதும், தெற்கே இந்தியப் பெருங்கடல் அதைவிடக் குளிர்ந்திருப்பதும் இதற்குக் காரணம். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் மட்டத்துக்கும் மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில். இருந்தாலும் 11, 12 கி.மீ.யிலேயே நன்றாகத் தெரியும்.

விளைவு இதுதான்: ஜூலையில் மதுரையிலிருந்து துபாய் போகிறவருக்குப் பயணத்தின் முன்பாதியில் காற்று உதவுகிறது, சிங்கப்பூர் போகிறவருக்கு எதிர்க்கிறது. ஜனவரியில் துபாய்ப் பயணம் நீள்கிறது. நிறுவனங்கள் கோடை, குளிர்கால அட்டவணைகளைத் தனித்தனியே போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். போன வருட டிக்கெட்டைப் பார்த்து இந்த வருட வண்டிக்குச் சொல்லி வைக்காதீர்கள்.

மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். மதுரையில் காலை 10 மணிக்கு ஏறினால் மாலை 4:45-க்கு இறங்கும் என்கிறாள். கிட்டத்தட்ட ஏழு மணி நேரமா பறக்க வேண்டும்? எனக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகி, விருதுநகர்

இல்லை அம்மா, நாலேகால் மணி நேரம்தான். டிக்கெட்டில் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே 4:45 என்றால் இங்கே 2:15. வலிக்கு, நடைபாதை ஓரத்து இருக்கையைப் பதிவின்போதே கேட்டு வாங்குங்கள்; ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அதுதான் வசதி.

துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால். அமெரிக்காவில் அந்த மாற்றம் மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் நவம்பர் முதல் ஞாயிறிலும் நடக்கும். இரண்டு நாடுகளின் மாற்றத் தேதிகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் லண்டன் வழியாக அமெரிக்கா போகிறவர்கள் மாறுவிமான நேரத்தை ஒருமுறை கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள். அழைத்துப் போக வருகிறவரிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்; நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானங்களில்தான் ஒரு நாள் பிசகி யாரும் வராமல் நிற்க நேரிடுகிறது.

துபாய் போக மதுரையிலிருந்து நேர் விமானத்தைவிடக் கொழும்பு வழியாகப் போனால் டிக்கெட் மலிவாக வருகிறது. எவ்வளவு தூரம் கூடும்? சிங்கப்பூருக்குத் திருச்சியா, மதுரையா, சென்னையா?
– வாசகர், காரைக்குடி

மதுரை – துபாய் நேராக 2,950 கி.மீ. கோழிக்கோட்டுக்கும் கண்ணூருக்கும் இடைப்பட்ட கரையைத் தாண்டி அரபிக்கடலுக்குள் நுழையும் கோடு அது. மதுரை – கொழும்பு 355, கொழும்பு – துபாய் 3,290. ஆக 3,645 கி.மீ. துபாய் வடமேற்கே இருக்க, முதலில் தென்கிழக்கே போகிறீர்கள். 695 கி.மீ. கூடுதல், கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. ஆனால் இழப்பு கிலோமீட்டரில் இல்லை. கூடுதல் பறப்பு ஒரு மணிக்கு மேல் ஆகாது. இன்னொரு முறை ஏறி இறங்குவதும், மாறுவதற்குக் காத்திருப்பதும் மூன்று, நான்கு, சில சமயம் ஏழு மணி. பணம் எவ்வளவு மிச்சம் என்பதை அந்த மணிகளுக்கு எதிரே வைத்துப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: இரண்டு விமானங்களும் ஒரே பதிவு எண்ணில், ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் நிறுவனம் உங்களை வேறு விமானத்தில் ஏற்றும். பெட்டியும் நேராகத் துபாய்க்குப் போகும். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டில் இரண்டாவது விமானம் போய்விட்டால் பணமும் போயிற்று. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால் விசா கேள்வியும் வரும்.

சிங்கப்பூருக்குச் சென்னை வழி போனால் 418 + 2,924 = 3,342 கி.மீ.; நேர்வழியைவிட 328 கூடுதல். காரைக்குடியிலிருந்து திருச்சியும் மதுரையும் சாலையில் ஏறத்தாழ ஒரே தூரம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானங்கள் அதிகம். ஒன்று ரத்தானால் அடுத்தது அருகிலேயே இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக எங்கள் ஓட்டு உங்கள் ஊருக்குத் திருச்சி.

மகன் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போனபோது வரைபடத்தில் பார்த்தோம். பசிபிக் கடலை நேராகக் கடக்காமல் விமானம் வடக்கே ரொம்ப தூரம் ஏறிப் போனது. சுற்றுவழி எதற்கு?
– வாசகர், தேனி

சுற்றுவழி போலத் தெரிவது வரைபடத்தால். கோளத்தைத் தட்டையாக விரிக்கும்போது வடபகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடுகின்றன. ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது நம் பகுதியில் 110 கி.மீ.; 60 டிகிரி வடக்கில் 56; 70 டிகிரியில் 38. கிழக்கு–மேற்காக அதிக டிகிரிகளைக் கடக்க வேண்டியவர் அவை குறுகலாக இருக்கும் இடத்துக்கு ஏறிக் கடப்பதுதான் சிக்கனம். பெங்களூர் 13 டிகிரியிலும் சான் பிரான்சிஸ்கோ 38 டிகிரியிலும் இருந்தாலும், இடைப்பட்ட குறுகிய பாதை 71 டிகிரி வரை ஏறி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையைத் தொட்டுத் திரும்புகிறது. நீளம் 13,990 கி.மீ. வீட்டில் உருண்டை இருந்தால் உசிலம்பட்டி ஆசிரியைக்குச் சொன்ன நூலை வைத்துப் பாருங்கள்.

நிஜத்தில் போகும் பாதை அதிலிருந்தும் விலகும். இமயம், திபெத் மேலே விமான அறையின் காற்றழுத்தம் போய்விட்டால், சாதாரணமாக மூச்சுவிட முடிகிற 10,000 அடிக்கு இறங்க மலைகள் இடம் தராது. அதனால் நீண்ட நேரம் அங்கே பறப்பதைத் தவிர்ப்பார்கள். மூடப்பட்ட வான்வெளி இன்னொன்று: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியபின் டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் ஏர் இந்தியா விமானங்களின் நேரம் நீண்டது. மதுரை – துபாய்த் தடம் கடல்மேல் போவதால் அந்தப் பாதிப்பு இதற்கு இல்லை. காற்று மூன்றாவது காரணம். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ – பெங்களூர் முதல் விமானம், பெண் விமானிகள் மட்டுமே ஓட்டி வந்தது, வடதுருவத்தின் மேலாகவே வந்தது. கோட்டின் நீளத்தைவிட, எந்தப் பாதையில் எரிபொருள் குறைவு என்பதுதான் ஒவ்வொரு நாளும் முடிவாகிறது.

மதுரையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் ஏன் வரவில்லை?
– வாசகர், சிவகங்கை

பயணிகள் எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். ஓடுபாதையின் நீளமே தடை. மதுரையில் இருப்பது 2,286 மீட்டர், அதாவது 7,500 அடி. லண்டன் 8,360 கி.மீ.; பத்தரை மணி. போயிங் 787 மணிக்கு ஏறத்தாழ 5 டன் எரிபொருள் குடிக்கும். வழிக்கே 50 டன்னுக்கு மேல். அதற்கு மேல் மாற்று விமான நிலையம் போகவும், அரை மணி வட்டமிடவும் கையிருப்பு. அவ்வளவு எடையோடு எழும்ப இதைவிட நீளமான ஓடுபாதை வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காற்று மெலிந்து இறக்கையின் தூக்கும் திறனும் எஞ்சினின் உந்தலும் குறைவதால் இன்னும் நீளம் கேட்கும். சிங்கப்பூர், துபாய் போகும் ஏ320, போயிங் 737 மணிக்கு இரண்டரை டன் அளவில்தான் குடிக்கின்றன; நான்கு மணிப் பயணத்துக்கு இந்த ஓடுபாதை போதும்.

மதுரை – சென்னை விமானம் மூன்று மணி தாமதமாகி, சாப்பாடுகூடத் தரவில்லை. பிறகு ரத்தே செய்துவிட்டார்கள். என்ன கேட்கலாம்? வெளிநாட்டு விமானங்களுக்கும் இதே விதியா?
– வாசகர், திண்டுக்கல்

இங்கேதான் தூரமும் நேரமும் பணமாக மாறுகின்றன. அளவுகளைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி எல்லாவற்றையும் பிளாக் டைமை வைத்தே சொல்கிறது. பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலே உணவும் சிற்றுண்டியும் இலவசமாகத் தர வேண்டும். இரண்டரை முதல் ஐந்து மணி வரை உள்ளவற்றுக்கு (டெல்லி, சிங்கப்பூர், துபாய்) மூன்று மணித் தாமதம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு நான்கு மணி. உங்களுக்கு இரண்டு மணியிலேயே உரிமை வந்துவிட்டது.

முன்னறிவிப்பு இல்லாமல் ரத்தானால், மாற்று விமானமோ முழுப் பணமோ உங்கள் விருப்பம். அதோடு ஈட்டுத்தொகை: பிளாக் டைம் ஒரு மணி வரை 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. சென்னை விமானம் ஒரு மணியைத் தாண்டி அட்டவணையில் இருந்தால் 7,500 வரிசைக்கு வந்துவிடுகிறது. வானிலை, பாதுகாப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணம் என்றால் ஈட்டுத்தொகை கிடையாது. பதிவின்போது உங்கள் தொலைபேசி எண்ணைத் தராமல் முகவர் எண்ணைத் தந்திருந்தாலும் சிக்கல். தகவல் அந்த எண்ணுக்குப் போயிருக்கும். எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரத்துக் காரணத்தைக் கவுன்டரில் எழுத்தில் கேளுங்கள், குறைந்தது குறுஞ்செய்தியைச் சேமித்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் ஏர்சேவா தளத்தில் புகார். போர்டிங் பாஸ், டிக்கெட், சாப்பாட்டுக்குச் செலவழித்த ரசீது மூன்றையும் இணையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வேறு. அங்கே அளவுகோல் தூரம், அதுவும் நாம் மேலே கணக்கிட்ட அதே குறுகிய கோளத் தூரம். 1,500 கி.மீ. வரை 250 யூரோ, 3,500 கி.மீ.யைத் தாண்டிய ஒன்றியத்துக்கு வெளியேயான பயணத்துக்கு 600 யூரோ, இடைப்பட்டவற்றுக்கு 400. ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்துக்கும், இங்கிருந்து அங்கே போகும்போது ஐரோப்பிய நிறுவனத்துக்கு மட்டும் இது பொருந்தும். மூன்று மணிக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தாலும், காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தால், கேட்கலாம். சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் ஒரு கதவாவது திறந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருக்கிறது. 2 மணி 55 நிமிடத்தில் தரையிறங்கி, கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆனால், உங்கள் தாமதம் 3 மணி 5 நிமிடம். கதவு திறக்கும் கணத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்; நேரம் அதிலேயே பதிவாகிவிடும்.